முதல் இசிஜிக்கும் இரண்டாவது ரத்தத்துக்கும் நடுவில்

நெஞ்சு வலிக்காரருக்கு இசிஜி எடுப்பது கஷ்டமான வேலை இல்லை. எடுத்து முடித்த பிறகு, "நல்லாத்தான இருக்கேன்" என்று எழுந்து உட்காருகிறவரை மூன்று மணி நேரம் கட்டிலில் வைத்திருப்பதுதான் கஷ்டம். மருத்துவமனையில் வேலை செய்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டிலில் படுத்துச் சலித்தவர்களும், பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு நொந்தவர்களும் நம் கட்சிதான். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மலாக்காவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதி. நோயாளிகள் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். எங்கள் பிரிவில் சிவப்புப் பகுதி உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு, பச்சைப் பகுதி காய்ச்சல் இருமலுக்கு. இரண்டிலும் சேராதவர்கள் நடுவில் மஞ்சளுக்கு வருவார்கள். நான் அங்கேதான் இருக்கிறேன். எனக்குக் குரல் சின்னது. எதைச் சொன்னாலும் "என்னம்மா?" என்று திரும்பக் கேட்பார்கள். இரண்டாவது தடவை சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தால் போன வருடம் ஒருவரைக் கட்டிலிலிருந்து போகவிட்டேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற குணசேகரன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் வேறு சிலரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் நான் எவ்வளவு பெரிய தப்பு செய்தேன் என்று தெரியும்.

எண்ணெய் பூசிய நெஞ்சு

நெஞ்சு வலித்தால் நம் ஆட்கள் முதலில் சந்தேகப்படுவது காற்றை. காத்து அடைச்சிருச்சு என்று சொல்லி, ஒரு குப்பி மின்யாக் ஆங்கின் தைலத்தை எடுத்துக் கழுத்திலிருந்து தொப்புள் வரை தேய்த்துவிடுவார்கள். தேய்ப்பது பிரியத்தில்தான். ஆனால் இசிஜிக்கு நெஞ்சில் ஆறு வில்லைகளை ஒட்ட வேண்டும். எண்ணெய் மேல் எதுவும் நிற்காது. மூன்றாவதை ஒட்டும்போது முதலாவது வழுக்கி விலாப்பக்கம் போயிருக்கும்.

சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர், மகள், மருமகள் மூன்று பேரும் தனித்தனியாகத் தேய்த்திருந்தார்கள். ஒருவர் தேய்த்ததில் மற்றவருக்கு நம்பிக்கை இல்லை. நான்கு முறை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகுதான் வில்லைகள் பிடித்தன. இசிஜி சரியாக இருந்தது. முதல் ரத்தமும் சரியாக இருந்தது. இரண்டாவது ரத்தம் எடுக்கும்வரை இருக்க வேண்டும் என்றதும் அவர் செருப்பைத் தேடினார். மகள் விவரமானவள். வந்த உடனேயே அம்மாவின் செருப்பைக் கொண்டுபோய்க் காடியில், அதாவது காரில், வைத்துப் பூட்டியிருந்தாள். வெறுங்காலோடு போக மனமில்லாமல் அந்த அம்மா இருந்தார். இரண்டாவது ரத்தமும் சுத்தம். பிறகு வயிற்றை ஸ்கேன் செய்தபோது பித்தப்பையில் கல் தெரிந்தது. அதை அவரிடம் சொன்னதும் அவர் கணவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நான் காத்துன்னேன், இவங்க கல்லுங்கறாங்க. எதுவா வேணா இருக்கட்டும், இருதயம் இல்லன்னு நான் காடில ஏறும்போதே சொன்னேன்ல."

ஒரு விரலா, முழுக் கையா

எங்கள் டாக்டர் நஸ்ரின் தெங்கேராக்காரர். அவருடைய அப்பா அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம் இருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் நோயாளியின் வாயைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்களா, உள்ளங்கை முழுவதையும் நெஞ்சின் நடுவில் வைக்கிறார்களா, விரல்களை மூடி முஷ்டியாக அழுத்துகிறார்களா என்று கவனிப்பார். அதை நான் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. ஒரு விரல் என்றால் பெரும்பாலும் தசை; உள்ளங்கையோ முஷ்டியோ என்றால் இருதயமாக இருக்கலாம். அதற்குப் பிறகு நானும் கையைத்தான் பார்க்கிறேன்.

செம்பனைக் குலை அறுக்கிற ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மரங்கள் உயர்ந்துவிட்டதால் போன வாரத்திலிருந்து நீளமான கம்பு கொடுத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கம்பைத் தூக்கி இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். ஒரே விரலால் இடது பக்க விலா எலும்பு ஒன்றைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் அந்த இடத்தை அழுத்தினார். அவர் துள்ளினார். தசைப்பிடிப்பு மாதிரிதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. இருதயத் தசைக்கு அடிபட்டால் அதிலிருந்து ஒரு பொருள் ரத்தத்தில் கசியும், கசிந்தது பரிசோதனையில் தெரிகிற அளவுக்குச் சேர நேரம் எடுக்கும், அதனால் முதல் ரத்தத்தை மட்டும் நம்ப முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அரைமணிக்கு ஒரு தரம் வந்து மறுபடியும் அழுத்திப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் கேட்டார்: "டாக்டர், அமுக்குனா வலிக்குது, அமுக்காட்டி வலிக்கல. அப்பறம் ஏன் வந்து வந்து அமுக்குறீங்க?"

ஒன்றுமில்லாததற்கு நாலு மணி நேரம்

ஆயர் குரோவில் படிக்கிற ஒரு மாணவியை அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சு நடுவில் எரிகிற மாதிரி வலி, கை நடுக்கம், மூச்சு வாங்கியது. இசிஜி, ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் சரி. இரண்டாவது ரத்தமும் சரி. வெளியே சிரித்துக்கொண்டாலும் அந்தப் பெண் குறுகிப்போனாள். வலி வந்ததற்காக அவள் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒண்ணுமில்லாததுக்கு நாலு மணி நேரம் போச்சு என்றார்.

மற்ற டாக்டர்கள் சிரித்து அனுப்பிவிடுவார்கள். டாக்டர் நஸ்ரின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எப்போது சாப்பிடுகிறாள், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுக்கிறாள், குனிந்தால் வலி கூடுகிறதா என்று கேட்டார். அடுத்த வாரம் எந்தக் கிளினிக்குக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். உணவுக் குழாயில் அமிலம் ஏறுவதுதான் காரணம் என்று பிறகு தெரிந்ததாம். அன்று அவர் அந்த அம்மாவிடம் சொன்னதை நான் வீட்டுக்குப் போய் எழுதி வைத்துக்கொண்டேன்: "ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல ஆன்ட்டி, இருதயம் இல்லன்னுதான் சொன்னேன். வலி இருக்கு. அது எங்கேருந்து வருதுன்னு இனிமேதான் தேடணும்."

மெஷினே எழுதிக் கொடுத்தது

இனி குணசேகரன். ஐம்பது வயது தாண்டியவர், நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை. காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சு இறுக்கியிருக்கிறது. வாளியை அப்படியே வைத்துவிட்டு அவரே வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கே வலிக்குது அங்கிள் என்றேன். உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்தார். ஐந்து விரலும் விரிந்திருந்தன. முதல் இசிஜியில் ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு எடுத்த முதல் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. இரண்டாவது ரத்தம் ஒரு மணிக்கு என்று டாக்டர் நஸ்ரின் எழுதிவிட்டு, சிவப்புப் பகுதியில் விபத்து ஒன்று வந்ததால் அங்கே ஓடினார்.

எங்கள் மெஷின் இசிஜித் தாளின் மேலே, அதுவாகவே 'நார்மல்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்துத் தரும். அது மெஷின் சொல்வது, டாக்டர் சொல்வதல்ல. அதைப் பார்த்து நோயாளியிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லப்படுகிற பாடம். அவர் தாளைப் பார்க்கக் கேட்டார். மரியாதையாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன். போனில் படம் எடுத்துக்கொண்டார். "நார்மல்னு போட்டிருக்கே, நார்மல்தானே மிஸ்ஸி?" என்று சிரித்தார். நான் "ஆமா அங்கிள்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. பன்னிரண்டு மணிக்கு அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பள்ளி விடும், பதினான்கு பிள்ளைகள் அவருடைய வேனில். இன்னும் ஒரு ரத்தம் இருக்கு அங்கிள் என்றேன். என்னம்மா என்றார். இரண்டாவது தடவை சொல்வதற்குப் பதிலாக, டாக்டரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று நான் ஓடினேன். திரும்பி வந்தபோது கட்டில் காலி. கையில் குத்தியிருந்த ஊசிக்குழாயோடு போயிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு ஒரு சேதி வைத்திருந்தார்: "மிஸ்ஸிகிட்ட கோவிச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு. மெஷினே நார்மல்னு எழுதிக் குடுத்திருச்சாம், பிள்ளைங்கள வெயில்ல நிக்க வெக்க முடியாதாம், ரெண்டு மணிக்குள்ள வந்துருவாராம்."

செல்வி ஆன்ட்டியின் குழு

டாக்டர் நஸ்ரினிடம் நடந்ததைச் சொன்னேன். நார்மல் என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மனைவி நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. செல்வி, ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல். குணசேகரனுக்கு மூன்று முறை போன் அடித்தோம், எடுக்கவில்லை. செல்வி ஆன்ட்டி இரண்டாவது மணி அடித்ததுமே எடுத்தார். பின்னால் சட்டி கரண்டிச் சத்தம். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன், ஏன் என்று சொன்னேன். அன்று எனக்கு எப்படியோ குரல் வந்தது. அவர் சொன்னார்: "ஓட்டும்போது போன் எடுக்க மாட்டாருமா, பிள்ளைங்க இருக்குல்ல. எனக்கு ஒரு பேப்பர் போட்டோதான் அனுப்பிச்சாரு. கீழ பூ வேற போட்டிருந்தாரு." பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார், ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கணும் என்று. ஒரு மணிக்கு என்றேன். வைத்துவிட்டார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததை எனக்குப் பிறகு ஒரு தாய் சொன்னார். அந்த வேனில் பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. வேன் எங்கே வருகிறது, யாருக்குக் காய்ச்சல், யார் தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டார்கள் என்று நாள் முழுக்க ஓடும் குழு. செல்வி ஆன்ட்டி கொதிக்கிற குழம்பு முன்னால் நின்றபடி அதில் எழுதியிருக்கிறார்: வேன் இன்று ஓடாது, அவரவர் பிள்ளையை அவரவர் கூட்டிப் போங்கள், என் வீட்டுக்காரர் அங்கே வந்தால் அவரை வேனைத் தொடவிடாமல் ஒரு மணிக்கு மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் காரணம் கேட்கவும் இல்லை. வேலையில் இருந்தவர்கள் தங்கையை, மாமனாரை, பக்கத்து வீட்டாரை அனுப்பியிருக்கிறார்கள். குணசேகரன் நிழலில் இடம் பிடிக்கச் சீக்கிரம் வருகிறவர். வேனை நிறுத்தியதும் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து முன்னால் நின்றது, ஒரு காடி வந்து பின்னால் நின்றது. சாவியை வாங்கிவிட்டார்கள். ஆனால் அவர் கிளம்ப மாட்டேன் என்றார். பள்ளி விட்டதும், பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் யாரோடு போகிறது என்று பார்த்துப் பார்த்து அனுப்பினார். பன்னிரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒரு சிறுமியைக் கூட்டிப்போக வேண்டியவர் மட்டும் வரவில்லை. அவளை விட்டுவிட்டு வர முடியாது என்று அவர் நின்றார். கடைசியில் பின்னால் காடி நிறுத்திய தாய் தன் மகனையும் அந்தச் சிறுமியையும் பின்னிருக்கையில் ஏற்றி, அவரை முன்னிருக்கையில் உட்காரவைத்து எங்களிடம் ஓட்டி வந்தார்.

ஒன்று இருபதுக்கு அவர்கள் வந்தார்கள். நான் சக்கர நாற்காலியோடு வாசலிலேயே நின்றேன். அவர் முகம் வேர்த்திருந்தது, சட்டை நனைந்திருந்தது. வலி இல்லை என்று தலையை ஆட்டினார். நான் கையைப் பார்த்தேன். முஷ்டியாக நெஞ்சில் இருந்தது. பின்னிருக்கைச் சிறுமி பள்ளிப் பையோடு இறங்கி என் பக்கத்தில் வந்து சொன்னாள்: "மிஸ்ஸி, அங்கிள் எப்பவும் கதை சொல்லிக்கிட்டே வருவாரு. இன்னிக்கு ஒண்ணும் பேசல."

இரண்டாவது ரத்தம்

இரண்டாவது இசிஜியில் கோடுகள் இரண்டு இடத்தில் லேசாக இறங்கியிருந்தன. காலைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற வித்தியாசம். மெஷின் இந்த முறை நார்மல் என்று எழுதவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பினோம். முடிவு வரக் காத்திருந்த நேரத்தில் நான் அந்தக் கட்டிலை விட்டு எங்கும் போகவில்லை. பத்து மணிக்கு எதுவும் காட்டாத ரத்தம் இப்போது உயர்ந்திருந்தது. மாரடைப்புதான், தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம் என்று டாக்டர் நஸ்ரின் அவரிடம் நேராகச் சொன்னார். மருந்து கொடுத்து, சிவப்புப் பகுதிக்கு மாற்றி, இருதய சிகிச்சை செய்கிற பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். குணசேகரன் பயப்படவில்லை. ஏமாந்த மாதிரிதான் இருந்தார். காலைல அந்தப் பேப்பர் பொய் சொல்லிருச்சா என்று கேட்டார். டாக்டர் சொன்னார்: "பொய் சொல்லல அண்ணே. பத்து மணிக்கு என்ன தெரிஞ்சதோ அத பத்து மணிக்குச் சொல்லுச்சு. அதுக்கப்பறம் நடக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?"

ஆம்புலன்ஸ் கிளம்புமுன் செல்வி ஆன்ட்டி வந்துவிட்டார். கேன்டீன் ஏப்ரன் இடுப்பிலேயே இருந்தது. கணவரைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துவிட்டார், வேன் சாவி எங்கே என்று கேட்டு, அவரை ஓட்டி வந்த தாயிடமிருந்து வாங்கிக்கொண்டார். அழவில்லை. அவர் ஆம்புலன்ஸில் ஏறும் நேரத்தில் நான் பக்கத்தில் போய், நார்மல் என்று சொன்னது நான்தான் ஆன்ட்டி, என்னால்தான் போனார், அவரைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை என்றேன். அவர் ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இருபத்தஞ்சு வருசமா நான் சொல்லி ஒரு எடத்துல உக்காராத மனுசன். ஒன் பேச்ச கேட்டு உக்காந்திருந்தா நான்லமா கோவிச்சுக்கணும்."

அவரும் நார்மல்தான்

இருதய ரத்தக்குழாய் ஒன்று அடைபடும் நிலையில் இருந்ததைத் திறந்து கம்பிவலை வைத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் குணசேகரன் எங்கள் பகுதிக்கு நடந்தே வந்தார். வலியோடு இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். இளைத்திருந்தார், சட்டை மட்டும் அதே மாதிரி இஸ்திரி. டாக்டர் நஸ்ரினுக்கு வணக்கம் சொன்னார். என்னிடம், பிள்ளைகளை இப்போது அம்மாக்களே முறை வைத்து ஏற்றி இறக்குகிறார்கள், அவருடைய பெயர்ப்பட்டியலைப் பிசகாமல் பார்க்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த நேரத்தில் மூன்றாம் கட்டிலில் ஒருவர் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மீன் வியாபாரி, முதல் இசிஜியும் முதல் ரத்தமும் சரி. நான் போய் அவர் முன்னால் நின்று, இன்னும் ஒரு ரத்தம் இருக்கிறது என்றேன். என்னம்மா என்றார். முதல் இசிஜி நன்றாக இருப்பது நல்ல சேதிதான் அண்ணே, ஆனால் முழுச் சேதி இல்லை, ரெண்டு மணி நாற்பதுக்குத்தான் முழுச் சேதி வரும் என்று இரண்டாவது தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் பித்தானை விடவில்லை. குணசேகரன் கேட்டுக்கொண்டே நின்றவர், மெல்ல அந்தக் கட்டிலுக்குப் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மீன் வியாபாரியின் தோளில் கையை வைத்துச் சொன்னார்: "நானும் நார்மல்தான் அண்ணே, பேப்பர்லயே போட்டிருந்துச்சு. அதான் மூணு வாரமா வேன் ஓட்ட முடியாம வீட்டுல உக்காந்திருக்கேன்."

எங்கள் மெஷினுக்கு ஒருவரை நார்மல் என்று சொல்லப் பத்து வினாடி போதும். அவரைக் கட்டிலில் வைத்திருக்க எங்களுக்கு மூன்று மணி நேரமும், ஒரு டாக்டரும், ஒரு மனைவியும், பதினான்கு வீட்டாரும் வேண்டியிருக்கிறது.